வாசல் பூசணி

"நீண்டகால விசா இன்னும் வரல சார். அங்க சொந்த வீடே இருந்தாலும் காத்திருக்கத்தான் வேணும்," என்றாள் கவுன்ட்டர் பெண். ஆவுடையப்பன் போனில், மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அந்த வெளிநாட்டு வீட்டின் வாசல் கேமராவைத் திறந்தார். கிரகப்பிரவேசத்தன்று திருஷ்டிக்காக அவர் கட்டிய, அரக்கன் முகம் வரைந்த பூசணி அழுகித் தொங்கியது. அதன் கீழே பூங்கொத்துகள். பக்கத்து வீட்டுக்காரி அழுதபடி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நாம செத்துட்டோம்னு நெனச்சிட்டாங்களா?" என்றாள் போனை எட்டிப் பார்த்த மனைவி செண்பகம்.

அந்த ஊர் மொழியில் அவருக்கு வணக்கம் மட்டுமே தெரியும். பூசணிக்குச் சற்று மேலே இருந்த கேமராவின் ஸ்பீக்கரைப் போனில் அழுத்தி, "அழாதீங்கம்மா, நாங்க இருக்கோம்," என்றார் தமிழில்.

அவள் நிமிர்ந்து பூசணியைப் பார்த்தாள். அலறிக்கொண்டு ஓடினாள். கைநழுவிய மெழுகுவத்தி பூங்கொத்தின் தாளில் பற்றியது.

"அணைச்சிட்டுப் போங்கம்மா!" என்று பூசணி கத்திக்கொண்டே இருந்தது.