எரிச்சே போகும் பஸ்

"இஞ்சேருங்கோ, பஸ் வாற நேரமாச்சு. ரிக்கற் எடுத்தனீங்களோ?"

ஞானமலர் பெட்டியை முழங்காலோடு அணைத்துக்கொண்டு கேட்டார். "ஓம் மலர், பத்திரமாக் கிடக்கு" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா.

மிதுசா தேத்தண்ணியோடு வந்து பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அன்ரி, எங்க பயணம்?"

"எரிச்சே. இத்தாலியின்ர சிசிலித் தீவில, மலை உச்சியில இருக்கிற பழைய ஊர், பிள்ளை. இவர் வேலை செய்த ஐஸ்கிறீம் கடை முதலாளின்ர ஊர். கூட்டிக்கொண்டு போறன், கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லியே என்ர தலை நரைச்சுப் போச்சு."

"அதுதான் இண்டைக்குப் போறமே" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"கிழிச்சியள்! லீவு இல்லை எண்டு ஒருக்கா, பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் சோதினை எண்டு ஒருக்கா. இப்பவும் பாருங்கோ, செருப்போட வந்து நிக்கிறார். அங்க கல்லுத் தெரு, வழுக்கும்."

அவர் தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டார்.

"பாதாம் இனிப்பு எண்டா மாதா கோயிலடிக் கடையில வாங்கோணும்" என்று ஞானமலர் விரலை நீட்டிச் சொன்னார். "மூலைக் கடைக்காரி பழசைத் தலையில கட்டிப்போடுவாள். மலையில பனிப்புகார் இறங்கினா முன்னுக்குப் போற ஆளே தெரியாது. என்ர கையை விட்டிடாதேங்கோ."

"விடமாட்டன்."

மிதுசா தேத்தண்ணிக் கோப்பையை நீட்ட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கடையில் பழைய இனிப்பு விற்பார்கள் என்பது வரைக்கும் ஒருத்தி கனவு கண்டு வைத்திருக்கிறாள். அப்படியென்றால் எவ்வளவு ஆசைப்பட்டிருக்க வேண்டும்!

பஸ் வரவில்லை. அது வரவும் வராது. ஜேர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றின் தோட்டத்தில், ரோசாச் செடிகளுக்கு நடுவே நட்டுவைத்த பொய்த் தரிப்பிடம் அது. மறதி நோய் வந்தவர்கள் வெளியே போகவேண்டும் என்று கதவோடு மல்லுக்கட்டாமல், வந்து அமைதியாகக் காத்திருப்பதற்காக. தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த அன்றே மிதுசாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தேத்தண்ணி ஆறியது. ஞானமலர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இண்டைக்கும் ஏமாத்திப் போட்டியள். அந்த ஊரைப் பாக்காமலே நான் செத்துப்போகப் போறன்."

மிதுசா அவரை மெல்ல எழுப்பி, அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். அவரின் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஸ்ரீஸ்கந்தராஜா அதே வாங்கில் தனியே இருந்தார். அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. அன்ரி நல்லா இருக்கேக்க ஒருக்கா, ஒரேயொருக்கா, கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்தானே?"

அவர் சட்டைப்பையில் பத்திரமாகக் கிடந்ததை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அது ரிக்கற் இல்லை, ஒரு படம். ஈரக் கல் தெரு. பின்னால் பாதி புகாரில் கரைந்த கோயில் கோபுரம். கடித்த இனிப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் கணவரின் கையை இறுகப் பிடித்தபடி ஞானமலர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அங்கிள், போய் வந்திட்டியளே!" மிதுசா துள்ளி எழுந்தாள். "அப்ப இதை அன்ரிக்குக் காட்டுங்கோவன். எவ்வளவு சந்தோசப்படுவா!"

ஸ்ரீஸ்கந்தராஜா படத்தை வாங்கித் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

"காட்டினனான், பிள்ளை. என்னை விட்டிட்டு ஆரோட போனனீங்கள் எண்டு கேட்டு அழுதவ."