ஃபாதர் வாய் திறக்கவில்லை

"ஒரே ஒரு பேரு ஃபாதர். சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வெளிய வந்துடலாம்."

சிறையின் பார்வையாளர் அறையில் வக்கீல் மேஜையைத் தட்டினார். எதிரே ஃபாதர், அங்கி இல்லாமல், மேல் பட்டன் அறுந்த வெறும் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

"மாதா கோயில் வண்டி மோதி ஒரு காவலாளி செத்திருக்கான். நீங்க ஓட்டலைங்கறீங்க. அப்ப யாருன்னு கேட்டா கல்லு மாதிரி இருக்கீங்க. ஜட்ஜ் என்ன நினைப்பாரு?"

"நான்தான்னு நினைப்பாரு."

"தெரிஞ்சுமா!"

யாருக்காவது ஆஸ்பத்திரி அவசரம் என்றால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பது ஃபாதரின் வழக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அந்த வழக்கம்தான் இப்போது அவர் கழுத்தை இறுக்கியது.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "பாவசங்கீர்த்தனத்துல எவனோ வந்து பாவத்தைச் சொல்லி அழுதிருக்கான். அதானே? அங்க கேட்டதை வெளிய சொல்லக் கூடாது. அதானே?"

ஃபாதர் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முகமெல்லாம் வேர்க்குது வக்கீல் சார். தண்ணி குடிங்க."

"ஃபீஸ்கூட வாங்காம உங்களுக்காக நாயா அலையறேன். தண்ணி குடிக்கச் சொல்றீங்க!"

"அலைஞ்சா தாகம் எடுக்கும்ல."

"அவன் வெளிய ஜாலியா சுத்திட்டிருக்கான். அந்தக் கோழைக்காக நீங்க உள்ள கிடக்கணுமா? அவன் என்ன உங்க மாமனா, மச்சானா?"

ஃபாதர் சிரித்துவிட்டார். "பழைய காலத்துக் குருக்கள் ஆட்டைப் பலி கொடுத்தாங்க. ஆடு செத்துது. குரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரு. எங்க ஆளு சிலுவையில தன்னையே கொடுத்தாரு. அதுக்கப்புறம் இந்த வேலைக்கு வர்றவன் ஆடு தேடக் கூடாது சார்."

"அவனுக்கு அந்தத் தகுதி இல்ல ஃபாதர்."

"தகுதி பார்த்தா யாருக்காகவும் எதுவும் செய்ய முடியாது."

"காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவன் பேரைச் சொல்லிடுங்க." வக்கீல் கை கூப்பினார்.

ஃபாதர் எழுந்தார். "மாட்டேன்."

மறுநாள், "உங்கள் தரப்பில் சாட்சி யாராவது உண்டா?" என்று கேட்டார் நீதிபதி.

"வண்டியை ஓட்டியவரே வந்திருக்கிறார்" என்ற வக்கீல், கறுப்புக் கோட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, சாட்சிக் கூண்டில் தானே ஏறி நின்றார்.