பீப்பாயில் எத்தனை மாதம்

டாக்டரிடம் அப்படி வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

“நேராச் சொல்லிடுங்க சார். பிளாங்கோவா, ரெபோசாடோவா, அன்யேஹோவா?”

அவர் ஸ்கேன் படத்திலிருந்து தலையைத் தூக்கினார். என் மஞ்சள் கண்ணைப் பார்த்தார். குடிகாரன் உளறுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

“நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. அவங்க மட்டும் இருக்கட்டும்.”

அவங்க என்றால் வேதவல்லி. என் மனைவி.

கதவு மூடிக்கொண்டது. நான் வெளியே, இரும்பு நாற்காலியில்.

நான் குடிகாரன் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பாண்டிச்சேரியில் ஓர் ஓட்டல் பாரில் ஊற்றிக் கொடுப்பவன். முகர்ந்து பார்ப்பேன். நாக்கில் வைத்துத் துப்பிவிடுவேன்.

ஊரெல்லாம் குடித்தது. கெட்டது என் ஈரல்.

டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவைக் கேட்பவர்களுக்கென்று ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிறேன். கள்ளியில் வடிப்பதில்லை ஐயா, நீலக் கற்றாழையில். வடித்த கையோடு புட்டியில் அடைத்தால் பிளாங்கோ. தண்ணீர் நிறம். மிஞ்சிப் போனால் இரண்டு மாத வயது. ஓக் பீப்பாயில் இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் கிடந்தால் ரெபோசாடோ. வைக்கோல் நிறம். ஒரு வருடம் தாண்டி மூன்றுக்குள் என்றால் அன்யேஹோ.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அதை டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேராசை.

தங்க நிறத்தில் மலிவாக வேறொன்று வரும். பெரும்பாலும் பீப்பாயையே பார்த்திருக்காது. சாயம்.

எது எத்தனை மாதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்று நான் கேட்டதும் அவ்வளவுதான். எத்தனை மாதம்?

மகள் பிளஸ் ஒன் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அன்யேஹோ கிடைத்தால் போதும். அவள் பள்ளிக்கூடத்தை முடித்துவிடுவாள்.

உள்ளே சத்தமே இல்லை.

பாரில் ஒரு மேசை இப்படி அடங்கிப்போனால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். யாராவது அழுதுகொண்டிருப்பார்கள்.

அந்தச் சொற்பொழிவை வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்ப்பேன். நான் ஆரம்பித்ததும் வேதவல்லி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அவளுக்கு எல்லாமே சாராயம். சட்னிக்குத் தேங்காய் இல்லாத நாளிலும் மிக்ஸி ஓடும்.

கதவு திறந்தது.

முகத்தைக் கழுவியிருந்தாள். முன்முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது.

“ஒண்ணுமில்லையாங்க. உப்பக் கொறைக்கணுமாம்.”

இருபத்திரண்டு வருடம் முகர்ந்த மூக்கு.

சாயம்.

பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.

“மிக்ஸியப் போடாத வேதா. சொல்லிடு.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் நாற்பத்தொன்றாம் டோக்கனைக் கூப்பிட்டாள். யாரோ எழுந்து உள்ளே போனார்கள்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“ரெபோசாடோ” என்றாள்.