தும்மல் அண்ணன்

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அந்தத் தடயவியல் ஆய்வுக்கூடம் முழுக்க அவர் தும்மல் அண்ணன்தான்.

சோதனைக் குழாய்களைக் கழுவி வைப்பார். போலீஸ் கொண்டுவரும் உறைகளை அலமாரியில் அடுக்குவார். கேட்காமலே டீ கொண்டுவந்து வைப்பார். இடையிடையே தும்முவார். முகக்கவசம் உண்டு. ஆனால் தும்மல் வரும்போது மட்டும் கழற்றிவிடுவார்.

"உள்ளே தும்மினா மூச்சு முட்டுது மேடம்" என்பார். இந்த மனுஷனை என்ன செய்வது?

அன்று காலை, கையில் இருந்த சோதனை முடிவைப் பார்த்ததும் டைரக்டரம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

பல வருஷத்து வழக்கு. நான்கு பெண்களை ஒரே மாதிரி கழுத்தை நெரித்துக் கொன்றவன் யாரென்றே தெரியாமல் போலீஸ் ஓய்ந்துபோயிருந்தது. கடைசிப் பெண்ணின் அம்மா மட்டும் ஓயவில்லை. மாதம் தவறாமல் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். தும்மல் அண்ணன் அவருக்கும் ஒரு டீ கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த அம்மாவுக்காகத்தான், அவர் மகளின் கழுத்தில் இறுகியிருந்த துணியை டைரக்டரம்மா புது முறையில் டி.என்.ஏ. சோதனை செய்தார்.

ஓர் ஆணின் டி.என்.ஏ. கிடைத்தது. பளிச்சென்று, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். தும்மல் அண்ணனுடையது.

அங்கே வேலை பார்க்கிற எல்லோருடைய டி.என்.ஏ.வும் கணினியில் உண்டு. யாராவது தடயத்தின் மேல் இருமித் தொலைத்தால், அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுவதற்காக. வேலைக்குச் சேர்ந்த அன்றே, யாரும் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்து எச்சில் கொடுத்த புண்ணியவான் அவர்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே! போயும் போயும் அந்தத் துணி மேலயா தும்மணும்?"

"தப்புதான் மேடம். எடுத்துக் கொடுக்கறப்போ வந்துடுச்சு."

பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டருக்கு மூக்கு விடைத்தது. "முதல்ல இவரை வீட்டுக்கு அனுப்புங்க மேடம். நானே மேலிடத்துல சொல்றேன்."

"சார் சொல்றதுதான் சரி" என்றார் தும்மல் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. "என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. பழி என்னோட போகட்டும். கேஸை மூடிடுங்க மேடம்."

டைரக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஓய்வு பெற இரண்டே மாதம். இந்த வயசில், ஒரு தும்மலுக்காக, பென்ஷன் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பதா?

"வேற தடயமே இல்லையா சார்?"

"ரெண்டாவது பொண்ணோட சட்டை ஸ்டேஷன்ல இருக்கு. அன்னிக்கு வெச்ச அரக்கு முத்திரையைக்கூட இன்னும் யாரும் உடைக்கலை."

"அதை இந்தப் பக்கமே கொண்டுவராதீங்க. நேரா வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க." தும்மல் அண்ணன் பக்கம் திரும்பினார். "கொலைகாரன் அங்கே மாட்டிட்டா, உங்க தும்மலை யார் அண்ணே பெரிசா எடுத்துக்கப்போறாங்க?"

"எனக்காக எதுக்கு மேடம் இவ்வளவு சிரமம்? வேண்டாமே!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே லீவு கேட்டார். சொந்த ஊருக்குப் போகணுமாம்.

"நல்லாயிருக்கே! இப்போ கிளம்பினா பயந்து ஓடிட்டாருன்னு பேசுவாங்க" என்று அதட்டிய டைரக்டரம்மா, அவரைத் தினமும் வீட்டிலிருந்து கூட்டிவர ஆபீஸ் ஜீப்பையே அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய டி.என்.ஏ. விவரத்தையும் வெளியூருக்கு அனுப்பி, 'இது எங்கள் ஊழியர் தும்மல் அண்ணனுடையது, கழித்துவிடவும்' என்று சொல்லிவைத்தார்.

முடிவு வரும் நாளில் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அந்த அம்மாவும் பெஞ்சில் இருந்தார். டீ கொண்டுவந்த தும்மல் அண்ணனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார் டைரக்டரம்மா.

"எங்கே நழுவறீங்க? நல்ல சேதியை உங்க காதாலயே கேளுங்க."

போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கிடைச்சிடுச்சு மேடம்! ஒரே ஆளோடதுதான்" என்றது வெளியூர்க் குரல். "முத்திரையை நானேதான் உடைச்சேன், அதனால ஒரே ஒரு சந்தேகம்... உங்க தும்மல் அண்ணன் எங்க ஊருக்கு எப்போ வந்து தும்மினாரு?"