கோட்டுக்கு அடியில்

வால் பக்கம் நெருப்பைக் கக்கும் அந்தப் புது விமானத்தை அதுவரை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. சோதனை விமானி ஸினயீதா அதில் ஏறப்போகும் நேரத்தில், பத்திரிகைப் புகைப்படக்காரர் யெஃபீம் அவளைப் பனியில் நிறுத்திக் கேமராவைச் சரிசெய்தார்.

"இப்ப வேணாம், தோழர். பறக்கிறதுக்கு முன்னாடி நாங்க படம் எடுத்துக்கிறதில்ல. திரும்பி வந்து இதே இடத்துல நிக்கிறேன்," என்றாள் அவள்.

அவள் நின்ற இடத்தில் இரண்டு பூட்ஸ் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. கேமராவை அங்கிருந்து நகர்த்தாமல் யெஃபீம் காத்திருந்தார். விமானம் மேகத்துக்குள் மறைந்தது. சற்றைக்கெல்லாம் வானொலியில் அவள் குரல் நின்றுபோனது. பனி கொட்டத் தொடங்கியது.

"எரிபொருள் இந்நேரம் தீர்ந்திருக்கும்," என்றார் மெக்கானிக் மத்வேய். "உள்ள வாங்க."

யெஃபீம் கோட்டைக் கழற்றி, பனி மூடிவிடாதபடி தடங்களின் மேல் விரித்துவிட்டு, சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். திட்ட வாயெடுத்த மத்வேய், தன் கம்பளித் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார்.

"எஞ்சின் நின்னாலும் அவங்க மிதக்கவிட்டே இறக்கிடுவாங்க. சத்தம் கேக்காது. கண்ணால பாருங்க."

பார்த்துக்கொண்டே நின்றார்கள். கோட்டின் மேல் பனி ஏறிக்கொண்டே போனது. ஓடுதளத்தின் கோடியில், மேகம் ஓரிடத்தில் லேசாகக் கறுத்து, அந்தக் கறுப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்தது.

மத்வேய் குனிந்து கோட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை யெஃபீம் பிடித்தார். மேலே இருந்த பனி தடங்களுக்குள் சிந்திவிடாமல், மெல்லத் தூக்கினார்கள்.