எங்க காடு

நூறு மரக்கன்றுகளோடு முப்பது தொண்டர்களைக் கொல்லிமலைக்கு அழைத்து வந்துவிட்டாள் ஜாஸ்மின். எங்கே நடுவது என்றுதான் தெரியவில்லை.

"காட்டுல இலவசமா வேலை செய்ய வந்திருக்கோம்மா" என்றாள், சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்ற சின்னக்கண்ணுவிடம்.

"சாமியாட்டம் வந்தீங்க கண்ணு! எங்க காட்டுக்கே போங்க. ஒண்டியாப் பாடுபட்டு இடுப்பு ஒடியுது. அந்த மேட்டுலதான். வித்துட்டு வாரேன்."

காட்டில் ஒரு மரம்கூட இல்லை, வெறும் புல். முப்பது பேரும் வியர்க்க வியர்க்க அதைப் பிடுங்கிக் குவித்துவிட்டுக் கன்றுகளை நட்டார்கள்.

ஓடி வந்த சின்னக்கண்ணு அந்தக் குவியலை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"காடுன்னுதானேம்மா சொன்னீங்க?" என்றாள் ஜாஸ்மின்.

"வெதச்ச நெலத்தைத்தானுங்க நாங்க காடுங்கறது. இது புல்லில்லீங்க கண்ணு, சாமைப் பயிரு. வருசம் பூரா எங்களுக்கு இதுதானுங்க சோறு."