இரண்டாம் பக்கத்துச் செய்தி

"ஒண்ணுகூட விக்கக் கூடாது. கட்டோட எனக்குக் குடுத்துரு" என்றார் தண்டாயுதபாணி.

ராசிபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சேலத்திலிருந்து வந்த காலை பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு இறங்கியிருந்தது. அதே பஸ்ஸில்தான் அவரும் வந்தார். நெய் மண்டிக்காரர். ஜில்லா போர்டு தேர்தலில் நிற்பவர்.

பத்திரிகை ஏஜெண்ட் பச்சமுத்து கட்டின் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. சுற்றுப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவன் கையால்தான் பத்திரிகை போகும்.

"ஏனுங்க, சந்தாக்காரங்க கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"உச்சிக்குள்ள திருப்பித் தாரேன்."

"அப்படி என்னங்க வந்திருக்குது அதுல?"

"ரெண்டாம் பக்கத்துல ஒரு பொய் வந்திருக்குது. ஆபீசுக்கே போயி மறுப்புப் போடச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமைதான் ஆகுமாம். ஓட்டு நாளான்னிக்கு."

தேர்தலுக்காக அவரோடு அலைகிற வீரபாகு மெல்லச் சொன்னான். "உட்டுருங்கண்ணே. அச்சுல வந்தது வந்துபோச்சு. யாரு கேக்கப் போறாங்க?"

"நீ பேசாதே. கட்டைத் தூக்கு."

கட்டை ஏற்றிக்கொண்டு அவருடைய நெய் மண்டி வண்டி போனதும் பேச்சு கிளம்பியது. நெருப்பில்லாமல் புகையாது என்றார் ஒருவர். நெய்யில் எதையோ கலந்து மாட்டியிருப்பார் என்றார் இன்னொருவர்.

பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சாரதாமணி, பள்ளிக்குப் போகிற வழியில் தன் பத்திரிகையை வாங்க வந்தாள். பச்சமுத்து நடந்ததைச் சொன்னான்.

"பொய்யின்னா மேடை போட்டுச் சொல்லட்டும். இன்னிக்குப் பத்திரிகையைத் தூக்கிட்டுப் போறவரு, ஜெயிச்சு வந்தா நம்ம வாயையும் அடைப்பாரு" என்றாள்.

பச்சமுத்துவுக்குச் சுரீரென்றது. அவன் கடைச் சுவரில் தண்டாயுதபாணியின் நோட்டீஸ்கள் நாலு ஒட்டியிருந்தன. எதிர்த்து நிற்கும் பட்டுத்தறிக்காரர் கைலாசம் ஒரு நோட்டீஸ்கூட அடிக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது.

"நோட்டீசைப் பாத்து மயங்கிட்டோமுங்க டீச்சர்" என்று சொல்லி, நாலையும் கிழித்துப் போட்டான்.

உச்சி வேளைக்கு அதே வண்டி திரும்பி வந்தது. வீரபாகு மட்டும் இறங்கினான். பத்திரிகைக் கட்டைக் கடைப் பலகைமேல் வைத்தான்.

"இனி வித்துக்கச் சொன்னாருங்க."

பச்சமுத்து ஒன்றை எடுத்துப் புரட்டினான். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் கறுப்பு மை அடித்திருந்தது. அடுத்ததிலும் அதே இடத்தில் அதே மை. கட்டில் இருந்த எழுபதிலும் அப்படியே.

அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சாரதாமணி சிரித்தாள். "நான் சொல்லல? மறைச்சுட்டாரு."

"மறைக்கலீங்க டீச்சர். படிச்சுப் பாருங்க" என்றான் வீரபாகு.

நின்றவர்கள் கேட்கும்படி அவள் உரக்கப் படித்தாள்.

"போன மாதம் புதுச்சத்திரத்தில் வாந்திபேதி கண்டபோது, சொந்தபந்தமே எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள் போய்க் கஞ்சி கொடுத்தவர், நாமக்கல்லிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தவர், தூக்க ஆளில்லாத சவங்களுக்குத் தோள் கொடுத்தவர், இத்தேர்தலில் நிற்கும் ஸ்ரீ..."

அங்கேதான் மை அடித்திருந்தது. அதற்கு மேலே பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது.

"கைலாசம்" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "நம்ம பட்டுத்தறி கைலாசமா?"

"அவரேதானுங்க. பதினோரு நாள் அங்கயே கெடந்தாரு. வெளியில யாருகிட்டயும் சொல்லிக்கல."

பச்சமுத்து மை அடித்த இடத்தையே பார்த்தான்.

"அப்போ அச்சுல யாரு பேரு இருந்துச்சு?"

வீரபாகு மைக்கறை படிந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"எங்க அண்ணன் பேருங்க. அவருக்குத் தெரியாம நான்தான் எழுதி அனுப்புனேன்."